செத்துச் செத்து ஏறும் மாடிகள்: கையடக்கக் கன்சோலில் நியான் குரோம் தொடங்குபவர்களுக்கு

முதல் இரவில் நியான் குரோம் என்ற வீடியோ ஆட்டத்தை அழித்துவிட்டுத்தான் படுத்தேன். நாற்பது நிமிடத்தில் ஒன்பது சாவு. அதில் நான்கு, நானே போய்ச் சுவர் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றதால் வந்தவை. பத்து நாள் கழித்து ஒரு ரயில் நிலையத்தில், வண்டி இரண்டு மணி நேரம் தாமதம் என்று அறிவித்தார்கள். கொண்டுபோயிருந்த பத்திரிகையும் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் மறுபடி இறக்கி ஆடினேன். தோற்றுத் தோற்றுச் சம்பாதிக்க வேண்டிய ஆட்டத்தை ஒரே மூச்சில் வெல்லப் பார்த்திருக்கிறேன் என்பது அந்த நடைமேடையில்தான் உறைத்தது.

அன்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்த விஷயங்களை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். கட்டைவிரல் இரண்டும் நன்றாக வேலை செய்தால் போதும். இதற்கு முன் சுடும் ஆட்டம் எதையும் தொட்டிருக்க வேண்டியதில்லை.

இது என்ன மாதிரி ஆட்டம்?

கடையில் இதன் பெயருக்குக் கீழே மூன்று அடைமொழிகள் தொங்கும்: சைபர்பங்க், ரோக்லைக், ட்வின் ஸ்டிக் ஷூட்டர். மூன்றும் மூன்று வீட்டிலிருந்து வந்தவை.

ஸ்டிக் என்பது கட்டைவிரலால் எல்லாத் திசையிலும் சாய்க்கும் சின்னக் குமிழ். ட்வின் ஸ்டிக் என்பது இடது ஸ்டிக்கால் நடப்பது, வலது ஸ்டிக்கால் குறிபார்ப்பது. இந்த ஏற்பாட்டைப் பெரிய அளவில் பிரபலமாக்கியது 1982-இல் வில்லியம்ஸ் நிறுவனம் ஆர்கேடுகளுக்கு வெளியிட்ட ரோபோட்ரான்: 2084. அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான யூஜின் ஜார்விஸுக்குக் கார் விபத்தில் வலது கை அடிபட்டிருந்தது. கட்டுப்போட்ட கையால் சுடும் பட்டனை அழுத்த முடியவில்லை. அதனால் பிறந்த யோசனைதான், சுடுவதற்கும் ஒரு ஸ்டிக் வைத்தால் என்ன என்பது.

ரோக்லைக் என்ற சொல்லுக்கு மூலம், 1980-இல் யூனிக்ஸ் கணினிகளில் ஓடிய ரோக் என்ற ஆட்டம். ஒவ்வொரு முறையும் நிலவறையின் அமைப்பு மாறும். செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நியான் குரோம் அந்த அளவுக்குக் கல்நெஞ்சம் உடையதல்ல. செத்தாலும் சம்பாதித்த பணம் உங்களிடமே இருக்கும், அதைக்கொண்டு நிரந்தரமாக வலுவேற்றிக்கொள்ளலாம். இப்படிப்பட்டவற்றை ரோக்லைட் என்று பிரித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தொடங்குபவருக்கு அந்தச் சண்டை வேண்டாம்.

சைபர்பங்க் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேலே நியான் விளக்கு, கீழே இருட்டு, உடம்புக்குள் எந்திரம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு முதலாளி. இந்த ஆட்டத்தில் அந்த முதலாளியின் பெயர் ஓவர்சியர். நம் ஊரில் ஓவர்சியர் என்றால் பொதுப்பணித் துறையில் டேப் பிடித்து அளக்க வருபவர் நினைவுக்கு வருவார்; இவரோ ஒரு நகரத்தையே அடைத்துவைத்திருக்கும் கட்டடத்தை ஆள்பவர். அவரைத் தீர்த்துக்கட்டுவதுதான் உங்கள் வேலை. அதற்கு நீங்கள் நேரில் போவதில்லை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடி வேறொருவரின் உடம்பைத் தொலைவிலிருந்து இயக்குகிறீர்கள். அந்த உடம்பு செத்தால் எழுந்து அடுத்த உடம்பைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். செத்தும் திரும்பத் திரும்ப வருவதற்குக் கதையிலேயே இப்படி ஒரு காரணம் வைத்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எத்தனையோ ஆட்டங்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதே இல்லை.

செய்தவர்கள் பின்லாந்தின் தம்பெரே நகரத்தைச் சேர்ந்த டென்டன்ஸ் என்ற சிறிய நிறுவனத்தார். 2016-இல் கணினிக்கு வந்தது, மறு ஆண்டு நின்டெண்டோவின் கையடக்கமான ஸ்விட்சுக்கு வந்தது.

ஏன் கையடக்கத்தில்?

இவ்வகை ஆட்டங்கள் கைக்கு வந்து சேர வெகுகாலம் ஆயிற்று. காரணம் எளிது: கையில் இரண்டாவது ஸ்டிக் இல்லை. 2004-இல் வந்த சோனியின் கையடக்கமான பிஎஸ்பியில் தட்டையான ஒரே ஒரு குமிழ்தான். 2011-இல் வந்த நின்டெண்டோ 3டிஎஸ்ஸிலும் ஒன்றே. எனவே வலப்பக்கத்து நான்கு பட்டன்களை நான்கு திசைகளாக வைத்துச் சுடச் சொன்னார்கள். குறுக்கே வரும் எதிரியைச் சுட இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்த வேண்டும். அது விரலுக்குத் தண்டனை. 2011 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த பிளேஸ்டேஷன் வீட்டாவில்தான் பெரிய நிறுவனத்துக் கையடக்கம் ஒன்றில் முதன்முறையாக இரண்டு அனலாக் ஸ்டிக்குகள் சேர்ந்து அமைந்தன. 2017 மார்ச்சில் ஸ்விட்ச், 2022 பிப்ரவரியில் ஸ்டீம் டெக் என்று பிறகு வழி அகலமாகிவிட்டது.

வந்து சேர்ந்த பிறகு பார்த்தால், வரவேற்பறைத் தொலைக்காட்சியைவிட இதற்கு உள்ளங்கைதான் பொருத்தமான இடம் என்று தோன்றுகிறது. தொடங்கிய நாள்களில் ஓர் ஓட்டம், அதாவது ஓர் உடம்பு கிளம்பிச் சாகும்வரை, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் ஒரு வாழ்க்கை வாழ்ந்து செத்துவிடலாம். தொலைக்காட்சியை இயக்கி, கண்ட்ரோலரைத் தேடி, சோபாவில் சாய்ந்து உட்கார்ந்த பிறகு ஐந்தே நிமிடத்தில் செத்தால் எரிச்சல் வரும். பஸ் நிறுத்தத்தில் செத்தால் வராது.

முதல் படி: கருவி

கையில் இருப்பது எதுவோ அதிலேயே தொடங்குங்கள். புதிதாக வாங்குபவர் மட்டும் இதைக் கவனிக்கலாம். ஸ்விட்ச் லைட் 275 கிராம், திரை 5.5 அங்குலம். சாதாரண ஸ்விட்ச், இரு பக்கமும் கழற்றி மாட்டும் ஜாய்-கான் என்ற கண்ட்ரோலர்களுடன் சேர்த்து 400 கிராமுக்கு ஒட்டி வரும், திரை 6.2 அங்குலம். ஸ்டீம் டெக்கின் முதல் வடிவம் 669 கிராம், திரை 7 அங்குலம். படுத்துக்கொண்டு முகத்துக்கு மேலே பிடித்து ஆடும் பழக்கம் உள்ளவர்கள் அந்த 669 கிராமை ஒரு முறை மூக்கில் வாங்கிய பிறகு உட்கார்ந்தே ஆடுவார்கள்.

திரையைப் பொறுத்தவரை, இந்த ஆட்டத்திற்கு ஓஎல்இடி உண்மையாகவே வித்தியாசம் காட்டுகிறது. அத்தகைய திரையில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளி முழுவதும் அணைந்துபோகிறது. இருட்டுத் தாழ்வாரத்தில் ஊதா நிறத்தில் ஒரு விளக்குப் பட்டை எரிவது வேறு விதமாக இருக்கும். ஆனால் அதற்காகவே செலவு செய்யச் சொல்லமாட்டேன்.

இரண்டாம் படி: சுடுவதற்கு முன் அமைப்புகள்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். நானும் தாண்டித்தான் போனேன்.

வலது ஸ்டிக்கைச் சாய்த்தாலே குண்டு பாயுமா, தனியாக ட்ரிகரை (மேல்விளிம்பில் ஆள்காட்டி விரலுக்கு எட்டும் பட்டன்) அழுத்த வேண்டுமா என்பதை முதலில் பாருங்கள். இவ்வகை ஆட்டங்கள் இதில் ஒன்றுக்கொன்று மாறுபடும். ட்ரிகர்தான் என்றால் ஆள்காட்டி விரலை எப்போதும் அதன்மேலேயே வைத்துப் பழகுங்கள்; சண்டை வந்த பிறகு தேடினால் நேரம் போய்விடும். குறிபார்க்கும் உதவி என்ற வசதி எந்த ஆட்டத்தில் இருந்தாலும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். கையடக்கத்தின் ஸ்டிக் குட்டையானது. ஒரு மில்லிமீட்டர் பிசகினால் தொலைவில் நிற்பவனுக்குப் பக்கத்துச் சுவரில் குண்டு போகும். உதவியைப் பயன்படுத்துவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

அடுத்தது செயலற்ற வட்டம். ஸ்டிக்கை மையத்திலிருந்து எவ்வளவு நகர்த்திய பிறகு அசைவு பதிவாக வேண்டும் என்பதற்கான அளவு அது. புதிய ஸ்டிக்குக்குச் சிறியதாக வைக்கலாம். பழையதற்குக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். என் கருவியில் ஒரு நாள், கையே வைக்காதபோதும் என் ஆள் தானாக வடக்கு நோக்கி நடக்கத் தொடங்கினான். பேய் பிடித்துவிட்டது என்று குழந்தைகள் சொன்னார்கள். பேய் இல்லை, தேய்மானம். இந்த ஸ்டிக்குகள் பலவற்றில் உள்ளே ஒரு மெல்லிய பட்டையின்மேல் ஒரு தொடுமுனை உரசிக்கொண்டே இருக்கும். பட்டை தேயத் தேய, மையம் எது என்பது கருவிக்குக் குழம்பிவிடும். காந்தத்தால் இயங்கும் ஸ்டிக்குகளில் இந்த உரசல் இல்லை. செயலற்ற வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி அதன் பிறகும் சில மாதம் ஓட்டினேன்.

கடைசியாக, திரையின் வெளிச்சம். வெயிலில் உட்கார்ந்து இந்த ஆட்டத்தை ஆட முடியாது. காட்சிகளில் பாதி இருட்டு. உங்கள் முகம்தான் திரையில் தெரியும்.

மூன்றாம் படி: இரண்டு கட்டைவிரல்களைப் பிரிப்பது

கட்டுரையிலேயே முக்கியமான இடம் இது. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

புதியவர் கையில் கருவியைக் கொடுத்துப் பாருங்கள். எதிரி வலப்பக்கம் வந்தால் இரண்டு ஸ்டிக்குகளையும் வலப்பக்கமே தள்ளுவார். அதாவது சுட்டுக்கொண்டே எதிரியின் மடியில் போய் விழுவார். கண் போகும் திசையில் காலும் போவது மனித இயல்பு. இங்கே அது ஆளைக் கொல்லும். தையல் மிஷினை நினைத்துக்கொள்ளுங்கள். மிதிக்கும் காலுக்கு ஒரு கணக்கு, துணியைத் தள்ளும் கைக்கு வேறு கணக்கு. கால் வேகமாகிறதே என்று கையும் சேர்ந்து வேகமானால் தையல் கோணும்.

முதல் மாடியில் எதிரிகளைத் தீர்த்த அறை ஒன்றில் நின்றுகொண்டு இதைச் செய்யுங்கள். நடுவில் இருக்கும் மேசை ஒன்றைக் குறியாக வைத்து, அதை வட்டமாகச் சுற்றி நடங்கள். நடக்கும்போது துப்பாக்கி முனை மேசையிலிருந்து விலகக் கூடாது. இடது கட்டைவிரல் ஒரு முழு வட்டம் போடும். வலது கட்டைவிரலும் வட்டம் போடும், ஆனால் எப்போதும் கால் வட்டம் தள்ளி. வலமாக ஐந்து சுற்று, இடமாக ஐந்து சுற்று. பிறகு அடுத்தது: பின்னோக்கி ஓடிக்கொண்டே முன்னோக்கிச் சுடுவது. தாழ்வாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை. முதுகு சுவரில் இடித்தால் மறுபடி தொடங்குங்கள்.

கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். ஆனால் அடுத்த நாளே வித்தியாசம் தெரியும். இந்த ஆட்டத்தில் குண்டுகள் கண்ணுக்குத் தெரியும்படி பறந்து வருகின்றன. உங்களை நோக்கி வரும் குண்டிலிருந்து பின்னால் ஓடித் தப்ப முடியாது, அது உங்களைவிட வேகமானது. பக்கவாட்டில் இரண்டு எட்டு வைத்தால் போதும். கண் எதிரியைப் பார்த்துக்கொண்டிருக்க, கால் பக்கவாட்டில் போக வேண்டும். அதற்குத்தான் மேசையைச் சுற்றச் சொன்னேன்.

நான்காம் படி: சுவர்

நியான் குரோமை மற்ற ஆட்டங்களிலிருந்து பிரித்துக் காட்டுவது துப்பாக்கிகள் அல்ல, சுவர்கள்தான். பெரும்பாலான தடுப்புகள் உடையும். முதல் சில மணி நேரம் நான் நல்ல பிள்ளையாகக் கதவு வழியாகவே போய்க்கொண்டிருந்தேன். கதவுக்கு அந்தப்பக்கம் இருப்பவன் கதவைத்தானே பார்த்துக்கொண்டிருப்பான்?

ஒரு காட்சியைச் சொல்கிறேன். நீளமான அலுவலக அறை. உள்ளே மூன்று காவலர்கள், நடுவில் மேசைகள், தெற்கே கதவு. கதவைத் திறந்தால் மூவரும் சேர்ந்து திரும்புவார்கள். நான் கதவை விட்டுவிட்டு மேற்குப் பக்கத்துத் தாழ்வாரத்தில் நடந்து, அறையின் பின்பாதிக்கு நேராக வந்து, கையிலிருந்த ஷாட்கன்னால் சுவரை உடைத்தேன். தூசி அடங்குவதற்குள் பக்கத்தில் இருந்தவன் விழுந்தான். மற்ற இருவரும் என் பக்கம் திரும்பிச் சுட்டபோது நான் ஓட்டையிலிருந்து விலகி நின்றேன். அவர்களாகவே ஒருவர் பின் ஒருவராக ஓட்டை வழியாக வந்தார்கள். ஒருவர் பின் ஒருவர் என்பதுதான் இதில் வித்தை. மூவரோடு ஒரே நேரத்தில் மோதினால் சாவு. மூவரோடு மூன்று முறை மோதினால் பணம்.

ஆனால் நீங்கள் ஒளிந்திருக்கும் சுவரும் உடையும். ஒரே மறைவுக்குப் பின்னால் நீண்ட நேரம் நின்றால் அந்த மறைவே மெல்லக் காணாமல் போய்விடும். இரண்டாவது மறைவு எங்கே என்று பார்த்து வைத்துவிட்டு முதல் குண்டைச் சுடுங்கள்.

ஐந்தாம் படி: எந்த உடம்பு?

ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் மூன்று உடம்புகள் முன்னால் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில், ஒரு துப்பாக்கி, ஒரு சிறப்புத் திறன். புதியவர்கள் தொழிலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். துப்பாக்கியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்பேன். கைக்குப் பழகிய துப்பாக்கியோடு வரும் பழக்கமில்லாத தொழில், அதற்கு நேர்மாறானதைவிட நெடுந்தூரம் போகும். நிறுவனச் சிப்பாய் அடி தாங்குவான். தொடக்கத்தில் அவன் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஹேக்கருக்கு மற்றவர்களால் திறக்க முடியாத பூட்டுகள் திறக்கும். மறைந்திருந்து கொல்லும் அசாசினை அவசரக்காரர்கள் தொட வேண்டாம்.

வழியில் பெட்டிகளிலிருந்து வேறு துப்பாக்கிகளும் கிடைக்கும். தரையில் கிடப்பதையெல்லாம் எடுக்கும் ஆசை வரும். பாஸ் என்ற பெரிய எதிரி இருக்கும் மாடிக்கு முன்னால் மட்டும் துப்பாக்கியை மாற்றாதீர்கள். புதிய துப்பாக்கி எவ்வளவு தூரம் பாயும் என்பதை பாஸிடம் போய்க் கற்றுக்கொள்ள முடியாது.

ஆறாம் படி: செத்த பிறகு

சாவுக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் நடுவில் பணத்தைச் செலவழிக்கும் இடம் வரும். என் வரிசை: முதலில் உயிர், பிறகு தாக்கும் வலிமை, மற்றவை அப்புறம். அதிர்ஷ்டத்தைக் கூட்டும் வாய்ப்பைக் கண்டதும் சிலர் அதிலேயே கொட்டுவார்கள். நல்ல பொருள் கிடைக்கும்தான். அதை அனுபவிக்க உயிரோடு இருக்க வேண்டுமே. உயிர் கூடினால் ஓட்டம் நீளும், ஓட்டம் நீண்டால் பணம் கூடும், அது மற்ற எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வரும். விலை ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போகும் என்பதால் ஒன்றையே பிடித்துக்கொண்டு தொங்கவும் கூடாது.

செத்தவுடன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கடைசிக் குண்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? தெரியவில்லை என்றால் ஒரே இடத்தை அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். எனக்கு முதல் வாரம் முழுவதும் தெரியவே இல்லை.

பாஸ்களுக்கும் இதே சிக்கனம் உதவும். முதல் சந்திப்பில் வெல்லும் எண்ணமே வேண்டாம். அரை நிமிடம் சுடாமல் சுற்றிச் சுற்றி ஓடி, எதைச் செய்வதற்கு முன் எப்படி அசைகிறது என்று மட்டும் பாருங்கள். ஓர் உடம்பைக் கொடுத்து வாங்கும் பாடம் அது. உடம்புகள் இங்கே மலிவு.

ஏழாம் படி: நிறுத்துவதும் தொடர்வதும்

ஸ்விட்சிலும் ஸ்டீம் டெக்கிலும் பவர் பட்டனைச் சும்மா தட்டினால் ஆட்டம் அப்படியே உறங்கிவிடும். மறுபடி தட்டினால் விட்ட இடத்தில் எழும். இது இவ்வகை ஆட்டங்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் தட்டுவதற்கு முன் ஆட்டத்திற்குள் இருக்கும் நிறுத்தத்தையும் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் எழும்போது உங்கள் கட்டைவிரல் ஸ்டிக்கைத் தேடிக்கொண்டிருக்கும், எதிரியின் குண்டு உங்களைத் தேடி ஏற்கெனவே கிளம்பியிருக்கும்.

பேட்டரியும் கணக்கில் இருக்கட்டும். முதல் ஸ்விட்சுக்கு இரண்டரை முதல் ஆறரை மணி நேரம் என்று நின்டெண்டோ சொன்னது. 2019-இல் வந்த திருத்திய வடிவத்துக்கு நாலரை முதல் ஒன்பது. மணிக்கணக்கு பேட்டரிக்கு மட்டும் அல்ல, கட்டைவிரலின் அடிமூட்டுக்கும்தான். பதற்றத்தில் ஸ்டிக்கை எவ்வளவு அழுத்தினாலும் ஆள் வேகமாக ஓடப்போவதில்லை. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை கீழே வைத்துக் கையை உதறுங்கள்.

நண்பர் வந்தால் ஒரே திரையில் சேர்ந்தும் ஆடலாம். அப்போது ஜாய்-கானில் ஒன்றைக் கழற்றி அவரிடம் நீட்டாதீர்கள். அதில் ஒரே ஒரு ஸ்டிக்தான் இருக்கிறது. இவ்வகை ஆட்டத்திற்கு அவருக்கும் முழுக் கண்ட்ரோலர் வேண்டும். கருவியைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் டாக்கில் வைத்துப் பெரிய திரைக்குப் போவதும் நல்லது.

பிறகு?

ஓவர்சியரை வீழ்த்திய பின் வேறு எதையாவது தேடுகிறீர்கள் என்றால், இதே நிறுவனம் இதே கதை உலகத்தில் வைத்துச் செய்த ஜட்ஜ் இருக்கிறது. அதில் அறைகள் மாறுவதில்லை, அதனால் புதிர்போல மனப்பாடம் செய்து ஆடலாம். போலந்தின் ரெய்கான் நிறுவனத்து ரூயினர் 2020-இல் ஸ்விட்சுக்கு வந்தது. சைபர்பங்க் அழகு அதில் இன்னும் கூடுதல், ஆனால் ரோக்லைக் அல்ல. கதை நேர்க்கோட்டில் போகும். என்டர் த கன்ஜியன் பக்கம் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: உயிரையும் வலிமையையும் காசு கொடுத்து நிரந்தரமாக ஏற்றிக்கொள்ளும் வழி அங்கே கிடையாது. குண்டு வரும்போது உருண்டு தப்பக் கற்றிருக்க வேண்டும். மறுபடி ஒரு மேசையைத் தேடிப் பிடித்துச் சுற்றத் தொடங்குங்கள்.